விலையை ஏற்றியது 1,400 டாலர் செக்கா?

7 நவம்பர் 2024, கேள்வி

அமெரிக்கத் தேர்தல் முடிஞ்சு ரெண்டு நாளாச்சு. டிவியில ஜனநாயகக் கட்சிக்காரங்க இன்னும் ‘ஏன் தோத்தோம்’னு தேடிக்கிட்டு இருக்காங்க. இதுல தேட என்ன இருக்கு? டிரம்ப் பதவியை விட்டப்போ பணவீக்கம் 1.4 சதவீதம். பைடன் வந்தார், கொரோனா உதவின்னு 1.9 டிரில்லியன் டாலர் அச்சடிச்சு வீடு வீடா, ஆளுக்கு 1,400 டாலர் செக் அனுப்பினார், மறுவருஷம் 9.1. ஊரடங்கு போட்டதும் அவங்க கட்சி, தடுப்பூசியைக் கட்டாயமாக்கினதும் அவங்க கட்சி. முடிஞ்சா எண்ணோட மறுங்க. சும்மா டிரம்பைத் திட்டிட்டுப் போகாதீங்க.

7 நவம்பர், இரவு

எண் இரண்டும் சரி. 2021 ஜனவரியில் 1.4, 2022 ஜூனில் 9.1. நடுவில் நீங்கள் இழுத்த கோட்டில்தான் தகராறு.

யார் எவ்வளவு விட்டார்கள் என்று முதலில் பார்ப்போம். 2020 மார்ச் 27, கேர்ஸ் என்ற கொரோனா உதவிச் சட்டம், சுமார் 2.2 டிரில்லியன், கையெழுத்து டிரம்ப். செனட்டில் 96-0. கீழவையில் பெயர் பெயராக ஓட்டெடுக்கச் சொல்லி அடம்பிடித்தவர் கென்டக்கியின் தாமஸ் மாஸி. அவரைக் கட்சியை விட்டே துரத்துங்கள் என்று ட்வீட் போட்டவர் டிரம்ப். 2020 டிசம்பர் 27, இன்னொரு 900 பில்லியன், அதுவும் டிரம்ப் கையெழுத்து. 2021 மார்ச் 11, பைடனின் 1.9 டிரில்லியன். இதற்கு மட்டும்தான் டிரம்பின் குடியரசுக் கட்சியில் ஒரு கைகூடத் தூக்கவில்லை. செனட்டில் 51-50, துணை அதிபர் ஓட்டால் பிழைத்தது. இடையில் வந்த சில்லறைச் சட்டங்களையும் சேர்த்தால் மொத்தம் 5 டிரில்லியன் பக்கம். அதில் பாதிக்கு மேல் டிரம்ப் கையெழுத்து.

அந்த 1.4-ஐயும் அப்படியே நம்ப வேண்டாம். அது காய்ச்சல் இறங்கிய அளவு இல்லை, நாடித்துடிப்பு விழுந்த அளவு. விமானம், ஓட்டல், பெட்ரோல் எதற்கும் ஆள் இல்லாத ஆண்டின் கடைசியில் எடுத்த கணக்கு. 2020 வசந்தத்தில் விலை விழுந்து கிடந்ததால் 2021 ஏப்ரல், மே மாத ஆண்டுக் கணக்கு தானாகவே பெரிதாகத் தெரிந்தது. ஒப்பிடும் அடித்தளமே பள்ளத்தில் இருந்தது.

(ரூபாயில் யோசிப்பவர்களுக்கு: ஒரு டிரில்லியன் என்பது ஒரு லட்சம் கோடி. டாலரில்.)

8 நவம்பர், காலை

‘அச்சடிச்சு’ என்ற சொல்லை விட்டுவிட்டேன், அதுதான் முக்கியம்.

நோட்டு இயந்திரம் எதுவும் கூடுதலாக ஓடி இது நடக்கவில்லை. கருவூலத் துறை கடன் பத்திரத்தை ஏலம் விடுகிறது. பெரிய வங்கிகளும் தரகு நிறுவனங்களும் எடுக்கின்றன. அவர்களிடமிருந்து ஃபெட் (அமெரிக்க மத்திய வங்கி) வாங்குகிறது, விலைக்கு ஈடாக வங்கிகள் தன்னிடம் வைத்திருக்கும் கையிருப்புக் கணக்கில் எண்ணை ஏற்றுகிறது. கருவூலத்தின் கணக்கும் ஃபெட்டில்தான். வரித்துறையான ஐஆர்எஸ் சொன்னதும் அங்கிருந்து முதல் சுற்றின் 1,200 டாலர் கிளம்பி ஒரு குடும்பத்தின் வங்கிக் கணக்கில் விழும்.

2008-க்குப் பிறகும் ஃபெட் இப்படி டிரில்லியன் டிரில்லியனாக வாங்கியது. மளிகை விலை இப்படி எகிறவில்லை. காரணம், அப்போது நடந்தது முதல் பாதி மட்டும். வங்கியின் கையிருப்பு வீங்கியது, கடைக்குப் போகிறவரின் கணக்கு வீங்கவில்லை. 2020-ல் இரண்டும் சேர்ந்து வீங்கின. எம்2 என்ற பணக் கணக்கு (மக்கள் கையிலும் வங்கிக் கணக்கிலும் உள்ள பணம்) 2020 பிப்ரவரியில் சுமார் 15.4 டிரில்லியன். 2022 தொடக்கத்தில் 21.5-ஐத் தாண்டியது. பைடன் பதவியேற்ற மாதத்திலேயே 19-க்கு மேல் இருந்தது. ஏற்றத்தின் பெரிய படி யாருடைய ஆண்டில் என்று நீங்களே கழித்துப் பாருங்கள்.

அந்த ஆண்டுகளில் ஃபெட் தலைவராக இருந்த பவல், டிரம்ப் நியமித்தவர். அவரை மீண்டும் நியமித்தவர் பைடன். இரண்டு கட்சிக்கும் பொதுச் சொத்து.

8 நவம்பர், மதியம்

திருத்தம். நேற்று 51-50 என்று எழுதியது தப்பு. இறுதி ஓட்டு 50-49. அலாஸ்காவின் டான் சல்லிவன் வீட்டில் துக்கம் என்று ஊருக்குப் போய்விட்டார், அதனால் கமலா ஹாரிஸ் ஓட்டே தேவைப்படவில்லை. கீழவையில் 220-211.

9 நவம்பர், கேட்டவர்

சரி சார், பாதி டிரம்ப்னு ஒத்துக்கறேன். அப்போ பைடனோட 1.9 விலையை ஏத்தவே இல்லைன்னு சொல்றீங்களா?

9 நவம்பர்

நான் அப்படிச் சொல்லவில்லை. ஏற்றியது.

லாரி சம்மர்ஸ், கிளிண்டன் காலத்துக் கருவூலச் செயலர், ஜனநாயகக் கட்சிக்காரர். 2021 பிப்ரவரி தொடக்கத்திலேயே, பொருளாதாரத்தில் இருக்கும் ஓட்டையைவிட ஊற்றுகிற தண்ணீர் அதிகம் என்று எழுதினார். சொந்தக் கட்சியே அவரைக் கிண்டல் செய்தது. ‘விலையேற்றம் தற்காலிகம்தான்’ என்ற அணியில் நின்ற பொருளாதார நிபுணர் பால் குருக்மன் 2022 ஜூலையில் தான் தவறியதை ஒப்புக்கொண்டு எழுதினார்.

அளவு எவ்வளவு? சான் பிரான்சிஸ்கோ ஃபெட் 2022 மார்ச்சில் ஒரு மதிப்பீடு வெளியிட்டது. மற்ற வளர்ந்த நாடுகளோடு ஒப்பிட்டு, 2021 கடைசியில் இருந்த அமெரிக்கப் பணவீக்கத்தில் சுமார் 3 சதவீதப் புள்ளி இந்த உதவித்தொகைகளால் வந்திருக்கலாம் என்றது. அந்த டிசம்பரில் மொத்தப் பணவீக்கம் 7. அந்த 3-ம் பைடனின் சட்டத்துக்கு மட்டும் இல்லை, மொத்த உதவிக்கும். அதாவது ‘எல்லாம் செக்கால்’ என்பதும் பொய், ‘செக்குக்கும் விலைக்கும் சம்பந்தமே இல்லை’ என்பதும் பொய்.

எதிரணியின் வழக்கமான பதில்: பிரிட்டனில் 11.1, யூரோ நாடுகளில் 10.6, இரண்டும் 2022 அக்டோபரில், அங்கே யார் பைடன்? கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அங்கே ஏறியதில் பெரும்பங்கு எரிவாயு, உக்ரைன் போர். அமெரிக்கா தன் எரிவாயுவைத் தானே எடுக்கிறது. போருக்கு முன்பே, 2021-லேயே, அமெரிக்க விலை மற்றவர்களை முந்திவிட்டது. அந்த முந்தலைத்தான் 3 புள்ளி என்கிறார்கள்.

மிச்சம் எங்கிருந்து? உணவகமும் திரையரங்கும் மூடிக் கிடந்ததால் காசு முழுக்கப் பொருள் பக்கம் திரும்பியது. நாற்காலி, டிவி, உடற்பயிற்சிச் சைக்கிள். லாஸ் ஏஞ்சலஸ், லாங் பீச் துறைமுகத்துக்கு வெளியே ஒரு கட்டத்தில் 100-க்கு மேற்பட்ட சரக்குக் கப்பல்கள் வரிசை. மின்னணுச் சில்லு (சிப்) இல்லாமல் புதுக் கார் வரவில்லை. வாடகைக் கார் நிறுவனங்கள் 2020-ல் வண்டிகளை விற்றுத் தீர்த்திருந்தன, 2021-ல் திரும்ப வாங்க ஓடின. 2021 ஜூன் கணக்கில் பழைய கார் விலை ஓராண்டில் 45 சதவீதம் ஏறியிருந்தது.

10 நவம்பர்

1,400 என்ற எண் எப்படி வந்தது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எந்தப் பொருளாதார நிபுணரும் கணக்குப் போட்டு வந்த எண் இல்லை. 2,000-ல் 600-ஐக் கழித்தால் 1,400.

2020 டிசம்பரில் காங்கிரஸ் தலைக்கு 600 என்று முடித்து அனுப்பியது. டிசம்பர் 22 அன்று டிரம்ப் ஒரு வீடியோ போட்டார்: 600 கேவலம், 2,000 கொடுங்கள். ஜனநாயகக் கட்சி வாய்ப்பை விடுமா? 28-ஆம் தேதி கீழவையில் 2,000-க்கு மசோதா நிறைவேறியது, 275-134. செனட்டில் குடியரசுக் கட்சித் தலைவர் மெக்கனல் மறித்தார். அடுத்த வாரம், ஜனவரி 5, ஜார்ஜியாவில் இரண்டு செனட் இடங்களுக்கு மறுசுற்று. ‘எங்களுக்கு ஓட்டுப் போட்டால் 2,000’ என்று பைடன் அட்லாண்டாவில் பேசினார். அவர் கட்சியின் ஆஸஃப், வார்னாக் இருவரும் ஜெயித்தார்கள். அந்த இரண்டு இடம் இல்லாவிட்டால் 50-49-ம் இல்லை.

ஆக, விலையை ஏற்றியதாக நீங்கள் சொல்லும் செக்கின் தொகையை அந்த டிசம்பரில் கேட்டவர் டிரம்ப், கொடுத்தவர் பைடன். ‘மீதி 600 எங்கே’ என்று பைடனைத் திட்டினவர்களும் உண்டு.

11 நவம்பர்

செக்கையே எல்லாரும் பிடித்துத் தொங்குகிறீர்கள். மூன்று சுற்றும் சேர்த்து சுமார் 814 பில்லியன். கிட்டத்தட்ட அதே தொகை, 800 பில்லியன், சிறு தொழில்களுக்கான சம்பளக் கடனாகப் போனது. திட்டத்தின் பெயர் பிபிபி. அதைப் பற்றி இரண்டு கட்சியுமே சத்தம் போடுவதில்லை. பயனாளிகள் இரண்டு பக்கமும் இருந்தார்கள், அதனால்தான்.

வேலை செய்யும் விதம்: சராசரி மாதச் சம்பளச் செலவு × 2.5. ஒருவருக்கு ஆண்டுக்கு 1 லட்சம் டாலர் வரைதான் கணக்கில் வரும். அதிகபட்சம் 10 மில்லியன். வட்டி 1 சதவீதம். பத்துப் பேருக்கு மாதம் 40,000 சம்பளம் போடும் கடைக்கு 1 லட்சம் டாலர். எட்டு வாரத்துக்குள் செலவழித்து, அதில் 75 சதவீதம் சம்பளமாக இருந்தால் கடன் தள்ளுபடி.

கோளாறு 1. வங்கிக்குக் கட்டணம் 3.5 லட்சம் வரை 5 சதவீதம், 20 லட்சம் வரை 3, அதற்கு மேல் 1. 40,000 டாலர் கடனுக்கு வங்கிக்கு 2,000 கிடைக்கும். 10 மில்லியனுக்கு 1 லட்சம் கிடைக்கும். காகித வேலையோ ஏறக்குறைய ஒன்று. எந்தக் கோப்பு மேலே வரும்? போதாததற்கு வங்கிகள் ஏற்கனவே தங்களிடம் கடன் கணக்கு உள்ளவர்களை முதலில் கவனித்தன, அடையாளச் சரிபார்ப்பைப் புதிதாகச் செய்ய வேண்டாமே என்று. ஏப்ரல் 3-ல் திறந்த 349 பில்லியன் ஏப்ரல் 16-ல் காலி.

கோளாறு 2. 500 ஊழியர் வரம்பை உணவகம், ஓட்டல் துறைக்குக் கிளைவாரியாக எண்ணச் சொன்னார்கள். நாடு முழுக்கக் கிளை உள்ள சங்கிலிக் கடைகளும் ‘சிறு தொழில்’ ஆகின. பெயர் வெளியே வந்ததும் சிலர் திருப்பிக் கொடுத்தார்கள். ஷேக் ஷாக் 10 மில்லியன், லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் கூடைப்பந்து அணி 4.6 மில்லியன்.

கோளாறு 3, எனக்குப் பிடித்தது. எட்டு வாரக் கடிகாரம் பணம் விழுந்த நாளிலேயே ஓடத் தொடங்கும். கடையோ மூடிக் கிடக்கிறது. ஊழியரைக் கூப்பிட்டால் வரமாட்டார், வேலையின்மை உதவியில் வாரம் 600 கூடுதலாக வருகிறது. ஒரே சட்டத்தின் இரண்டு குழாய்கள் ஒன்றையொன்று பார்த்துப் பீய்ச்சிக்கொண்டிருந்தன. ஜூன் 5-ல்தான் எட்டு வாரத்தை 24 ஆகவும், 75-ஐ 60 ஆகவும் மாற்றினார்கள்.

பொருளாதார நிபுணர் டேவிட் ஆட்டர் குழுவின் 2022 ஆய்வு: இந்தப் பணத்தில் 23 முதல் 34 சதவீதம்தான், இது இல்லாவிட்டால் வேலை இழந்திருக்கக்கூடியவர்களுக்குப் போனது. மிச்சம் முதலாளி, பங்குதாரர். ஒரு வேலையை ஓராண்டு காப்பாற்ற ஆன செலவு 1.69 முதல் 2.58 லட்சம் டாலர். அந்த வேலையின் சம்பளத்தைவிடப் பல மடங்கு.

11 நவம்பர், இன்னொரு வாசகர்

இதுதான் இலவசம். ஏழைக்கு 1,400 கொடுத்தா சோம்பேறி ஆயிடுவான், முதலாளிக்குக் கொடுத்தா பொருளாதாரம்!

12 நவம்பர்

மேலே உள்ளவருக்கு: கைதட்டல் வாங்கிவிட்டீர்கள், ஆனால் 2020 ஏப்ரலில் வேறு குழாய் அமெரிக்காவிடம் இல்லை. ஜெர்மனியில் குறைந்த நேர வேலைக்கான ஈட்டுத்தொகை பல பத்தாண்டுகளாக ஓடும் ஏற்பாடு. முதலாளி மனுப் போட்டால் அரசு சம்பளத்தில் பங்கைத் தரும். அமெரிக்காவில் பல மாநிலங்களில் பெயருக்கு அப்படி ஒன்று உண்டு, யாரும் தொடமாட்டார்கள். ஒரே மாதத்தில் 2 கோடிக்கு மேற்பட்ட வேலை போன ஏப்ரலில் புதுக் குழாய் போட நேரமில்லை. வங்கியின் குழாயைக் கடன் வாங்கினார்கள், வங்கியின் குணமும் கூடவே வந்தது.

வாரம் 600-ம் அதே கதைதான். நியாயமாகச் செய்ய வேண்டியது, அவரவர் பழைய சம்பளத்தில் ஒரு சதவீதம். ஆனால் வேலையின்மை உதவியைக் கொடுப்பவை மாநிலங்கள். அவற்றில் பலவற்றின் கணினிகள் கோபாலில் எழுதியவை. (கோபால் யார் என்று கேட்காதீர்கள், 1959-ல் பிறந்த கணினி மொழி. சென்னை மென்பொருள் அலுவலகங்களில் இன்னும் அவருக்கு மரியாதை உண்டு.) நியூ ஜெர்சி ஆளுநர் பில் மர்ஃபி அந்த ஏப்ரலில் கோபால் தெரிந்த தன்னார்வலர்கள் தேவை என்று மேடையிலேயே கேட்டார். ஃபுளோரிடாவில் 77 மில்லியன் டாலருக்கு மேல் கொட்டிக் கட்டிய தளம் விழுந்து, காகித விண்ணப்பம் கொடுத்தார்கள், மக்கள் காரில் வரிசை நின்று வாங்கினார்கள்.

ஆளுக்கு ஆள் சதவீதம் போட இந்தக் கணினிகளால் முடியாது. அதனால் சராசரியை எடுத்தார்கள். சராசரி வாரச் சம்பளம் ஏறக்குறைய 970, சராசரி உதவி ஏறக்குறைய 370, வித்தியாசம் 600. எல்லாருக்கும் ஒரே 600.

சராசரியில் சரி, தனி ஆளுக்குத் தப்பு. மிசிசிப்பியில் உதவியின் உச்சமே வாரம் 235, மாசசூசெட்ஸில் 823. சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் போட்ட கணக்கில், தகுதியுள்ளவர்களில் 68 சதவீதம் பேருக்கு வேலையில் வந்ததைவிட வீட்டில் அதிகம் வந்தது. வரிசையில் நடுவில் நிற்கும் ஆளுக்குப் பழைய சம்பளத்தில் 134 சதவீதம். சம்பளத்துக்கு மேல் போகக்கூடாது என்ற திருத்தம் செனட்டில் 48-48, தேவைப்பட்டது 60. அதே செனட் அடுத்து 96-0 போட்டது.

12 நவம்பர், இரவு

மதியம் எழுதியதைப் படித்தால் 600 வாங்கியவர்கள் வேலைக்குப் போகவில்லை என்று தோன்றும். அதையும் சோதித்துப் பார்த்தாயிற்று. 2021 கோடையில், உதவி அப்போது 300 ஆகக் குறைந்திருந்தது, 26 மாநிலங்கள் செப்டம்பர் 6 வரை காத்திராமல் முன்கூட்டியே நிறுத்தின. 25 குடியரசுக் கட்சி ஆளுநர்கள், கூட லூசியானாவின் ஜனநாயகக் கட்சிக்காரர். நிறுத்திய மாநிலங்களில் உதவி இழந்த எட்டுப் பேரில் ஒருவர்தான் அதனால் வேலைக்குப் போனார் என்று ஆகஸ்டில் வந்த ஆய்வு சொன்னது. மிச்ச ஏழு பேர் செலவைக் குறைத்தார்கள். ‘காசு வருவதால் படுத்துக் கிடக்கிறான்’ என்ற வாதத்துக்கு எட்டில் ஒரு பங்கு உண்மை.

மோசடியை இன்னும் தொடவில்லை. சுயதொழில் செய்பவர்களுக்கென்று புதிதாகத் திறந்த பிரிவில் முதல் ஒன்பது மாதம் ‘எனக்கு வேலை போய்விட்டது’ என்று தானே எழுதிக் கொடுத்தால் போதும், சம்பளச் சான்று வேண்டாம். அரசின் தணிக்கை அமைப்பான ஜிஏஓ மொத்த வேலையின்மை உதவியில் மோசடி 100 முதல் 135 பில்லியன் என்று மதிப்பிட்டது. செக் பக்கத்தில் இவ்வளவு இல்லை. இறந்தவர்கள் பெயரில் 11 லட்சம் பணம், 1.4 பில்லியன். அதுதான் பத்திரிகையில் பெரிதாக வந்தது. எழுபது மடங்குக்கு மேல் சின்னது, ஆனால் தலைப்புக்கு நல்லது.

14 நவம்பர்

நேற்று அக்டோபர் கணக்கு வந்தது, 2.6 சதவீதம். ‘பணவீக்கம் தீர்ந்தது, பிறகு ஏன் தோற்றோம்’ என்று ஒரு தரப்பு தலையைச் சொறிகிறது.

2.6 என்பது ஏறும் வேகம். ஏறிய உயரம் அப்படியே இருக்கிறது. 2021 ஜனவரியிலிருந்து இதுவரை நுகர்வோர் விலைக் குறியீடு சுமார் 20 சதவீதம் மேலே போயிருக்கிறது. மின்தூக்கி நின்றுவிட்டது என்றால் கீழே வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. கடைக்காரர் 2020 விலைக்குத் தரமாட்டார்.

இதே போல இன்னொரு எண் மறுபக்கம் ஓடுகிறது: ‘டிரம்ப் காலத்தில் பொருளாதாரம் 31 சதவீதம் விழுந்தது’. அமெரிக்கா காலாண்டுக் கணக்கை ‘ஓராண்டு முழுக்க இதே வேகத்தில் போனால்’ என்று பெருக்கிச் சொல்லும். 2020 இரண்டாம் காலாண்டில் அறிவித்தது அந்தப் பெருக்கிய எண். நிஜத்தில் முந்தைய காலாண்டைவிட 9 சதவீதம் போலக் குறைந்தது. அதுவே பயங்கரம்தான், பெருக்க வேண்டியதில்லை.

15 நவம்பர், கேட்டவர்

ஊரடங்குக்கு வரவே மாட்டேங்கறீங்களே?

15 நவம்பர்

வருகிறேன். அமெரிக்க அதிபரால் ஊரடங்கு போடவே முடியாது, எந்தக் கட்சி ஆனாலும். பொதுச் சுகாதார அதிகாரம் மாநிலத்துடையது. அம்மைத் தடுப்பூசி வழக்கில் 1905-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. 2020 மார்ச் 16-ல் டிரம்ப் வெளியிட்டது ‘15 நாள்’ அறிவுரை மட்டும். உத்தரவு போட்டவர்கள் ஆளுநர்கள். மாநிலம் முழுக்க வீட்டில் இருக்கச் சொன்ன முதல் ஆள் கலிஃபோர்னியாவின் நியூசம், ஜனநாயகக் கட்சி, மார்ச் 19. ஆனால் மாநிலத்தின் எல்லாப் பள்ளியையும் மூட முதலில் உத்தரவிட்டவர் ஒஹாயோவின் டிவைன், குடியரசுக் கட்சி. தெற்கு டகோட்டா, வடக்கு டகோட்டா, நெப்ராஸ்கா, அயோவா, ஆர்கன்சா ஐந்தும் வீட்டிலிருக்கும் உத்தரவே போடவில்லை. ஜார்ஜியாவில் பிரையன் கெம்ப் ஏப்ரல் 24-ல் முடிதிருத்தும் கடையையும் உடற்பயிற்சிக் கூடத்தையும் திறந்தபோது, அவசரப்படுகிறார் என்று வெளிப்படையாகக் கண்டித்தவர் டிரம்ப். விஸ்கான்சினில் ஆளுநர் தரப்பின் உத்தரவை மே 13-ல் மாநில நீதிமன்றமே 4-3 என்று தள்ளியது.

கட்சிக் கோடு சுத்தமாக விழுந்தது கோடைக்குப் பிறகுதான். மார்ச்சில் எல்லாருக்கும் ஒரே பயம்.

தடுப்பூசிக் கட்டாயம்: 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் ஊசி, இல்லாவிட்டால் வாராவாரம் சோதனையும் முகக்கவசமும். 8.4 கோடி ஊழியர்கள். 2022 ஜனவரி 13-ல் உச்ச நீதிமன்றம் 6-3 என்று நிறுத்தியது, அத்தோடு அது நின்றுபோனது. அதே நாள் மருத்துவப் பணியாளர்களுக்கானதை 5-4 என்று அனுமதித்தது. ஊசியை ஓராண்டுக்குள் கொண்டுவந்த வார்ப் ஸ்பீட் திட்டம் டிரம்ப் அரசின் உருப்படியான வேலை. அதைச் சொல்லிக்கொள்ள அவர் கட்சிக்காரர்களே கூச்சப்படுகிறார்கள். எதிர்க்கட்சிக்கும் பாராட்ட மனம் வரவில்லை. அனாதைப் பிள்ளை.

17 நவம்பர்

முட்டை விலைக்கும் செக்குக்கும் சம்பந்தமில்லை. பறவைக் காய்ச்சல். 2023 ஜனவரியில் டஜன் 4.82 வரை போனது. இதோடு முட்டையை மூடிவிடுங்கள், ஆறு பேர் கேட்டாயிற்று.

20 நவம்பர்

எச்-4 (எச்-1பி வேலை விசாக்காரரின் துணைக்கான விசா) மனைவி பற்றிக் கேட்டவருக்குத் தனியாக எழுதுகிறேன், இதில் நம்மவர்கள் நிறையப் பேர் மாட்டினார்கள்.

2020 கேர்ஸ் சட்டத்தில், கணவன் மனைவி சேர்ந்து வரிப் படிவம் போட்டு, ஒருவருக்குச் சமூகப் பாதுகாப்பு எண் இல்லாமல் வரி கட்ட மட்டும் தரும் ஐடின் எண் மட்டும் இருந்தால், இருவருக்குமே பூஜ்யம். அங்கேயே பிறந்த குடிமகனான குழந்தைக்கும் பூஜ்யம். (ராணுவத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் விலக்கு.) எச்-1பி கணவன், வேலை அனுமதி இல்லாத எச்-4 மனைவி, ஒரு குழந்தை என்றால் வந்திருக்க வேண்டிய 1,200 + 500 வரவில்லை. தனித்தனியாகப் படிவம் போட்டிருந்தால் கணவருக்கு வந்திருக்கும், ஆனால் அதில் வரி கூடும், வேறு சலுகைகளும் போகும்.

2020 டிசம்பர் சட்டம் இதைப் பின்தேதியிட்டுத் திருத்தியது. எண் உள்ளவருக்கும் குழந்தைக்கும் உண்டு. விட்டுப்போன முதல் சுற்றை 2020 வரிப் படிவம் 1040-ன் 30-ஆம் வரியில் கேட்க முடிந்தது. 2021 சட்டம் இன்னும் ஒரு படி போனது. பெற்றோர் இருவரிடமும் எண் இல்லாவிட்டாலும், எண் உள்ள குழந்தைக்கு 1,400. தம்பதியின் வருமானம் 1.5 லட்சத்தைத் தாண்டினால் குறையத் தொடங்கி 1.6 லட்சத்தில் சுத்தமாக நிற்கும். மென்பொருள் குடும்பங்கள் பல அங்கேதான் விழுந்தன.

மாணவர்களுக்கு நேர் எதிர்ச் சிக்கல். எஃப்-1 விசாவில் முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகள் வரிக்கணக்கில் ‘குடியிராதவர்’, போட வேண்டியது 1040-என்ஆர். சாதாரண வரி மென்பொருள் அந்தப் படிவத்தைக் காட்டாது, 1040-ல் கொண்டுபோய் விடும். அப்படிப் போட்டவர்கள் கணக்கில் 1,200 வந்து விழுந்தது. தகுதியில்லாத பணம். திருப்ப வேண்டிய முறை: செக்காக வந்திருந்தால் பின்னால் கையெழுத்திடும் இடத்தில் ‘செல்லாது’ என்று ஆங்கிலத்தில் எழுதி ஐஆர்எஸ்ஸுக்கு அனுப்புவது. கணக்கில் விழுந்திருந்தால் கருவூலத்தின் பெயருக்குத் தன் செக் எழுதி, அதில் ‘2020இஐபி’ என்பதையும் தன் எண்ணையும் ஆங்கிலத்தில் குறிப்பிடுவது. கூடவே தவறான படிவத்தைத் திருத்திப் போட வேண்டும். இந்திய மாணவருக்கு வரி ஒப்பந்தத்தின் 21-ஆவது பிரிவில் நிலையான கழிவு உண்டு, அதை 1040-என்ஆரிலேயே எடுக்கலாம். அதற்காக 1040-க்குத் தாவியவர்கள் வீணாகத் தாவினார்கள்.

24 நவம்பர்

மறுயோசனை. 9-ஆம் தேதி எழுதியதில் ஃபெட்டைத் தப்பவிட்டுவிட்டேன்.

2020 ஆகஸ்டில் ஃபெட் தன் விதியை மாற்றியது. விலை 2 சதவீதத்தைக் கொஞ்ச காலம் தாண்டினாலும் பொறுத்துக்கொள்வோம் என்றது. பிறகு மாதம் 120 பில்லியனுக்குப் பத்திரம் வாங்கிக்கொண்டே இருந்தது, அதில் 40 வீட்டு அடமானப் பத்திரங்கள். வீட்டு விலை எகிறிக்கொண்டிருந்த 2021-லும் அடமானப் பத்திரம் வாங்கியதற்கு இன்றுவரை எனக்கு ஒரு விளக்கமும் ஒட்டவில்லை. குறைக்கத் தொடங்கியது நவம்பரில். வட்டியை முதலில் ஏற்றியது 2022 மார்ச் 16, அதுவும் கால் சதவீதம். அப்போது கையில் இருந்த பிப்ரவரிக் கணக்கு 7.9. அதன் பிறகு ஓட்டமாக ஓடி 2023 ஜூலையில் 5.25–5.50.

எனவே என் பங்கீடு மாறுகிறது. 2020-ல் கொடுத்தது தேவை, வடிவம் மோசம். 2021 மார்ச்சில் செக் தேவையில்லை, வேலையின்மை உதவியும் ஊசிச் செலவும் போதும். முந்தைய சுற்றுகளின் பணமே வங்கிகளில் தூங்கிக்கொண்டிருந்தது. ஆனால் நெருப்பு பிடித்த பிறகும் ஓராண்டு எண்ணெய் ஊற்றியது எந்தக் கட்சியும் இல்லை, ஃபெட். அதற்குச் சீட்டில் சின்னம் இல்லாததால் தேர்தலில் தோற்காது.

25 நவம்பர், கேட்டவர்

செக் தேவையில்லைன்னு நீங்களே சொல்லிட்டீங்க. அதைத்தானே நான் முதல்ல சொன்னேன்!

25 நவம்பர்

நீங்கள் சொன்னது 9.1-ம் அதனால் என்று. நான் சொல்வது அந்தச் செக்கை நிறுத்தியிருந்தாலும் 6, 7 வந்திருக்கும் என்று. அதோடு, அதே சட்டத்தில் குழந்தைகளுக்கு மாதம் 250, 300 கொடுத்த பகுதியையும் பாருங்கள். 2021 ஜூலை முதல் டிசம்பர் வரை. குழந்தை வறுமை அந்த ஆண்டு 5.2 சதவீதம். நிறுத்திய மறு ஆண்டு 12.4. நீட்டிக்க விடாதவர் ஜனநாயகக் கட்சியின் ஜோ மான்சின். ஒரே சட்டம், ஒரு பக்கம் வீண், ஒரு பக்கம் பலன். கட்சி வாரியாகப் பார்த்தால் இது தெரியாது, பிரிவு வாரியாகப் பார்க்க வேண்டும்.

21 டிசம்பர்

இழை தூங்கிவிட்டது என்று நினைத்தேன், நேற்று ஐஆர்எஸ் எழுப்பிவிட்டது. 2021 படிவத்தைப் போட்டுவிட்டு, 30-ஆம் வரியைக் காலியாகவோ பூஜ்யமாகவோ விட்ட, ஆனால் தகுதியுள்ள சுமார் 10 லட்சம் பேருக்குத் தானாகவே பணம் அனுப்புவதாகச் சொன்னார்கள். தலைக்கு 1,400 வரை, மொத்தம் 2.4 பில்லியன், 2025 ஜனவரி இறுதிக்குள். அவர்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை, கடிதம் தனியாக வரும்.

2021-க்குப் படிவமே போடாதவர்கள் போட்டுக் கேட்கக் கெடு 2025 ஏப்ரல் 15 வரை இருந்தது.  2020-ன் இரண்டு சுற்றுக்குக் கெடு 2024 மே 17-லேயே முடிந்தது.